மாநாட்டு மேடையில் யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் உதவிப் பேராசிரியர். எங்கள் பல்கலைக்கழகம் உயர்கல்வித் தலைமை பற்றி ஒரு மாநாடு நடத்துகிறது. பேச்சாளர்களின் அறிமுகக் குறிப்புகளைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டியலைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. மென்பொருள் நிறுவன சிஇஓ, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, வங்கித் துறையில் இருந்தவர், முன்னாள் அமைச்சர், அப்புறம் இரண்டு துணைவேந்தர்கள். இன்றைக்கும் வகுப்பெடுக்கிறவர் ஒருவர்கூட இல்லை. பல்கலைக்கழகத்தை நடத்துவது பற்றிப் பேச வெளியாட்கள் எதற்கு? இப்படி நினைப்பது என் குறுகிய மனமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

குறுகிய மனமெல்லாம் இல்லை. வகுப்பெடுக்கிற ஒருவர்கூட இல்லாதது பெரிய குறை, அதை அமைப்பாளர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் வெளியாள், உள்ளாள் என்று நீங்கள் போடுகிற கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் பல வருடம் பார்த்த வேலை, ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது எது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பின்னணியை நாம் கவனிக்க வேண்டியது அதற்காகத்தான்.

கிளார்க் கெர்ரை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக 1958 முதல் 1967 வரை இருந்தவர். அவர் பொருளாதாரப் பேராசிரியர்தான், ஆனால் அவருடைய துறை தொழிலாளர் உறவுகள். முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நடுவே உட்கார்ந்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை பேசிப் பேசித் தகராறு தீர்த்தவர். 1960-இல் அந்த மாநிலத்தின் உயர்கல்விப் பெருந்திட்டம் உருவானதில் அந்தப் பழக்கம் அப்படியே தெரிகிறது. பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரிகள், இரண்டாண்டுக் கல்லூரிகள் என மூன்று தரப்பும் மாணவர்களுக்கும் பணத்துக்கும் முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும், அங்கிருந்து பிறகு மேலே மாறி வரலாம் என்று எல்லை பிரித்தார்கள். படித்துப் பார்த்தால் ஒரு நல்ல தொழிலாளர் ஒப்பந்தம் மாதிரியே இருக்கும். அதே கெர், 1964-இல் தன் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் பேச்சுரிமை கேட்டுப் போராடியபோது திணறிப்போனார். பேரம் பேசித் தீர்க்கிற விஷயமாக மாணவர்கள் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் 1967 தொடக்கத்தில் ஆட்சிக்குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

பர்டூ பல்கலைக்கழகத்துக்கு 2013-இல் தலைவராக வந்த மிட்ச் டேனியல்ஸ் முழுக்க வெளியாள். அமெரிக்க அரசின் பட்ஜெட் அலுவலகத்தை நடத்தியவர், பிறகு மாநில ஆளுநர், அதாவது நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. அவர் கண்ணில் முதலில் பட்டது கட்டணச் சீட்டு. பதவியில் இருந்த காலம் முழுவதும் கல்விக் கட்டணத்தை உயர்த்தவே இல்லை. உள்ளேயே வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்கும்? இந்தப் பக்கம் ரூத் சிம்மன்ஸ், பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, 2003-இல், தன் நிறுவனத்துக்கு அடிமை வணிகத்தோடு இருந்த தொடர்பை ஆராய ஒரு குழுவை அமைத்தார். மூன்று வருடம் கழித்து அறிக்கை வெளிவந்தது. வரவு செலவை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். நம் ஏ. லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பக்கத்துக்கும் வலு இருக்கிறது. அமண்டா குடால் என்ற ஆய்வாளர் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களை ஆராய்ந்தார். தரவரிசையில் மேலே இருக்கிற பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், ஆய்வுலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிஞர்களாகவும் இருக்கிறார்கள் என்று கண்டார். நல்ல இடங்கள் நல்ல அறிஞர்களைத் தேடிப் பிடிக்கின்றன என்றும் இதற்கு விளக்கம் சொல்லலாம்தான். ஆனாலும் தானே ஆய்வு செய்தவருக்குத்தான் ஓர் ஆய்வுக்கூடத்தின் பொறுமை புரியும் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

சரி, உங்கள் கையில் இருக்கிற வேலைக்கு வருவோம். உண்மையில் உங்களிடம் வந்திருப்பது பெரிய பொறுப்பு. வழக்கமான அறிமுகக் குறிப்பு எப்படி இருக்கும்? ‘முப்பதாண்டு அனுபவமும் தொலைநோக்கும் கொண்ட தலைவர், பல உயரிய பொறுப்புகளை வகித்தவர், பல விருதுகள் பெற்றவர்.’ ஆளை மாற்றினாலும் வரி மாறாது. பதவிகளெல்லாம் இருக்கும், வேலை இருக்காது. நீங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: நீங்கள் எடுத்த எந்த முடிவின் விளைவை அதே நாற்காலியில் உட்கார்ந்து அனுபவித்தீர்கள்? கடைசியாக ஒரு மாணவரோடு உட்கார்ந்து பேசியது எதைப் பற்றி? ராணுவ அதிகாரி, பயிற்சி நிலையத்தில் பாதியில் விலகிப்போனவர்களைப் பற்றி எழுதி அனுப்பலாம். வங்கிக்காரர் கல்விக் கடன் திரும்பி வராததைப் பற்றிச் சொல்லலாம். அந்த பதிலை அறிமுகத்தின் முதல் வரியாகப் போடுங்கள், பதவிகள் பின்னால் வரட்டும். ‘இருபத்தோராம் நூற்றாண்டின் சவால்கள்’ என்று பேச வந்தவருக்கே, தனக்குத் தெரிந்ததைப் பேசலாமே என்று தோன்றும்.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இல்லை, பதிவாளர் இல்லை, நூலகர் இல்லை, விடுதிக் காப்பாளர் இல்லை. தேர்வு முடிவு வெளியான அன்று மாலை, உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏறாததால் முடிவில் ‘வரவில்லை’ என்று பதிவான ஒரு மாணவி சான்றிதழ் கேட்டு ஜன்னல் முன்னால் நிற்பாள், மறுநாள் அவளுக்கு வேலையில் சேரும் நாள். துறைத்தலைவர் ஊரில் இல்லை, விதியில் அதற்கு இடமில்லை, ஆனால் தவறு பல்கலைக்கழகத்துடையது. அந்த ஒரு மணி நேரத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று முடிவெடுக்கிறவர் செய்வது தலைமைப் பணி இல்லையா? வருடா வருடம் அதைச் செய்கிறவரை இந்த மாநாடுகள் மேடைக்குக் கூப்பிடுவதே இல்லை, வாசலில் பதிவு மேசையில் உட்கார வைக்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

வெளியாட்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள், கேட்டாலும் அழைப்பிதழ் போனபிறகு நடக்காது. ஓர் அமர்வில் அந்த சிஇஓவுக்குப் பக்கத்தில் உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையும், முதல் வருட மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிற ஓர் ஆசிரியரையும் உட்கார வைக்கச் சொல்லுங்கள், மூன்று பேருக்கும் சமமான நேரம். அவர்களுடைய அறிமுகக் குறிப்பையும் நீங்களே எழுதுங்கள்.