கொய்யாவுக்கு வலை

அன்புள்ள ஐயா, வீட்டுக்குப் பின்னால் நானே வைத்து வளர்த்த கொய்யா மரம். பகலில் கிளியும் அணிலும், இரவில் வௌவாலும் கொறித்துப் போடுகின்றன. நைலான் வலை வாங்கி மூடிவிட்டேன். "பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட போடாத கொள்ளுகுடிப்பட்டிக்காரங்களைப் பாரும்மா, நீ கொய்யாவுக்குச் சண்டை போடுறே" என்கிறாள் மகள். தோட்டம் நமக்கா, பறவைகளுக்கா? வண்ணத்துப்பூச்சி வர என்ன செடி வைக்கலாம்?
– வ., திருநெல்வேலி

அன்புள்ள வ.,

தண்ணீர் ஊற்றியவர் பழம் தின்ன ஆசைப்படுவதில் என்ன குற்றம்? கொள்ளுகுடிப்பட்டியை விடுங்கள், அது சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காக ஒரு ஊரே சேர்ந்து செய்வது, அதை வைத்து அம்மாவைக் குத்தக் கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் போதும், புழு இலையைத் தின்றால் மட்டும் கத்தாதீர்கள்.

ஆனால் அந்த வலை! போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி மனசு போகவில்லை. என் மாமா தன் சப்போட்டாவுக்கு இப்படித்தான் வலை கட்டி, நுனியைத் தரையில் புரளவிட்டிருந்தார். அதில் ஒரு சாரைப்பாம்பு. தலை நுழைந்த வலைக்கண்ணில் உடம்பு நுழையவில்லை, பின்னால் வரவும் செதில் விடவில்லை, திமிறத் திமிற நைலான் சதைக்குள் இறங்கிக்கொண்டே போனது. அத்தை ஈரச் சாக்கால் அதன் தலையை அமுக்கிக்கொள்ள, நான் தையல் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். மாமா தள்ளி நின்று, "விஷப்பாம்பாடா, விஷப்பாம்பாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எலித்தொல்லை என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற மனுஷன்!

வௌவால் சிறகு இன்னும் மோசம், மாட்டினால் கிழிந்தே போகும். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே 2022 திருத்தம் வரைக்கும் பழந்தின்னி வௌவாலை எலியோடு சேர்த்துத் தொல்லை உயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது, இலுப்பை விதையைப் பரப்புகிற பிராணியை! ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழமரத்து வலையின் கண், இழுத்துப் பிடித்தாலும், 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. விரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது, அவ்வளவுதான் கணக்கு. உங்களுடையதில் விரலை விட்டுப் பாருங்கள். கட்டைவிரலே போகும் என்று நினைக்கிறேன்.

சரி, பழம் வேண்டுமே. காய் எலுமிச்சை அளவு வருவதற்குள் கைக்கு எட்டுகிற கிளைகளில் ஒவ்வொன்றுக்கும் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள். பழ ஈயும் அண்டாது. எட்டாத உச்சிக்கிளையை எப்படியும் நீங்கள் பறிக்கப்போவதில்லை, அதைக் கிளி தின்றுவிட்டுப் போகட்டும். வலையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். சுருட்டி மரத்தடியில் மட்டும் போடாதீர்கள், அங்கேயும் பாம்பு மாட்டும்.