குடும்பத் தடைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் நடைப்பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். வயது 43, திருச்சியில் வேலை. ஜனவரியில் சென்னையில் நடக்கும் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்திருக்கிறேன். இருபது வாரப் பயிற்சி அட்டவணை. நான்காம் வாரத்தில் டெங்கு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். இப்போது பிளேட்லெட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மறுபடி ஓடத் தொடங்கிய பத்தாம் நாள் வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணி ஏறியதுபோல இருக்கும். நடக்க நடக்கக் குறையும்.

இதற்கிடையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. காலையும் மாலையும் வாக்கர் பிடித்து நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் ஓடப் போய்விடுவதால் மனைவி பள்ளிக்குக் கிளம்பும் முன் அதைச் செய்கிறாள். அவள் ஆசிரியை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

நோய், காயம், குடும்பத் தடைகள் எல்லாவற்றையும் மீறி ஓடிவிட முடியும் என்றே நம்புகிறேன். அபேபே பிகிலா 1964இல் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரத்திலேயே ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வாங்கினார் அல்லவா? மீதமுள்ள ஒன்பது வாரம் எனக்குப் போதுமா? அன்று ஒரு நாள் மட்டும் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? எந்தக் காலணி நல்லது? மன உறுதியை எப்படித் தக்கவைத்துக்கொள்வது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சமையலறை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். இந்தப் பதிலை எழுதுவது அதனால்தான். அதற்கு மெதுவாக வருகிறேன்.

முதலில் உங்கள் பிகிலா. டோக்கியோவில் அவர் ஓடி முடித்த நேரம் 2 மணி 12 நிமிடம், அன்றைக்கு உலகிலேயே வேகமானது. முடித்த கையோடு புல்தரையில் படுத்து உடற்பயிற்சி வேறு செய்து காட்டினார். எல்லாம் உண்மை. ஆனால் குடல்வாலை வெட்டி எடுத்தால் நோய் அதோடு போயிற்று. டெங்கு அப்படி வெளியேறுகிற விருந்தாளி அல்ல. தவிர, அவர் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படைவீரர். கூடவே ஒரு பயிற்சியாளர். நீங்கள் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற மனிதர்.

இன்னொன்று. 1964ஐ நினைவு வைத்திருக்கும் நீங்கள் 1968ஐ மறந்துவிட்டீர்கள். அதே பிகிலா மெக்சிகோவில் காலில் காயத்தோடு ஓட்டத்தைத் தொடங்கினார். பாதித் தூரம்கூடப் போகவில்லை, விலகிவிட்டார். இரண்டு முறை தங்கம் வாங்கியவர், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாமல் சாலையோரம் ஒதுங்கினார். தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதற்கா ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிப்பது?

மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் குதிகாலுக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பயமாக இருக்கிறது. பிளேட்லெட் என்பது ஒரு எண். அந்த ஆய்வகச் சீட்டில் உங்கள் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை விட்டுவிட்டுப் போகும். அது தெரியாமல் மூச்சு முட்ட ஓடுவது எத்தனை ஆபத்து என்பதை மருத்துவர் சொல்லட்டும். இசிஜி எடுத்துப் பார்த்து அவர் சரி என்று சொல்லும்வரை ஓட வேண்டாம், நடந்தால் போதும். இதில் என்னோடு வாதாடாதீர்கள்.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசாரோ, தோல் வெந்துபோகாமல் இருக்க உடம்பெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார். வியர்வை வெளியேற வழி இல்லாமல் போயிற்று. ஏறத்தாழ முப்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார். மறுநாள் காலையில் இறந்தார். அதே ஓட்டத்தில், அதே வெயிலில், ஜப்பானின் ஷிசோ கனகுரிக்கும் தலை சுற்றியது. அவர் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நுழைந்தார். வீட்டுக்காரர்கள் குடிக்கக் கொடுத்ததைக் குடித்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஸ்வீடன்காரர்களின் பதிவேட்டில் அவர் காணாமல் போனவர். 1967இல், 75 வயதில் அவரை மறுபடி அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி. நடுவில் கல்யாணமாகி, ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னாராம். அதன் பிறகும் பதினாறு ஆண்டுகள் இருந்தார்.

காலணி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிகிலா ரோமில் வெறுங்காலோடு வென்றார், டோக்கியோவில் காலணி போட்டு வென்றார். உங்கள் கால் எந்தக் கட்சி என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வலி மாத்திரை கூடாது. உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தின் மேல்தான் போய் உட்காரும். குதிகால் வலி நீங்கள் சொல்லும் விதத்திலேயே என்னவென்று தெரிகிறது. உள்ளங்காலின் நார்ப்பட்டை எலும்போடு சேரும் இடம் அது. பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அது வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆறுகிற சங்கதி. மன உறுதி உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கொஞ்சம் குறைத்துக்கொண்டால் வீட்டுக்கு நல்லது.

வீடு என்றதும் அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'குடும்பத் தடைகள்'. நோய், காயம், குடும்பம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, அதன் மேல் 'மீறி' என்று ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். டெங்குவைக் கொசு கொண்டுவந்தது. அப்பாவை யார் கொண்டுவந்தது? நீங்கள் கட்டிய பதிவுக் கட்டணத்துக்கு 43 ஆண்டுகள் முன்பிருந்தே அவர் அங்கே இருக்கிறார். சாலை போட வந்தவன் மரத்தைப் பார்த்து 'வழியில் நிற்கிறது' என்று சொல்வதுபோல இருக்கிறது உங்கள் பேச்சு.

உங்கள் அட்டவணையைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். வார நாளில் மூன்று முறை ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டம் மூன்றரை மணி நேரம். இவ்வளவுதானே அந்தத் தாளில் இருக்கிறது? சனிக்கிழமை இரவு எட்டரைக்கே விளக்கை அணைக்கச் சொல்வது அதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதும், தொலைக்காட்சியின் ஒலியைத் தாத்தாவுக்குக் கேட்காத அளவுக்குக் குறைப்பதும் இல்லை. ஓடிவிட்டு வந்ததும் வேண்டியிருக்கிற முட்டையும் இளநீரும் தானாக முளைப்பதில்லை. மதியம் நீங்கள் தூங்கும் இரண்டு மணி நேரம் வீடே கால் நுனியில் நடக்கிறது. உப்புப் பூத்த பனியன்களைத் துவைப்பது யார்? எமில் ஜாடோபெக் அழுக்குத் துணியைத் தொட்டியில் போட்டு, சோப்பும் நீரும் ஊற்றி, அதன் மேலேயே ஓடிப் பயிற்சி எடுத்தார் என்று சொல்வார்கள். 1952இல் ஹெல்சின்கியில் மூன்று தங்கம் வாங்கியவர். அவரை மேற்கோள் காட்டி எனக்கு ஒரு கடிதமும் வருவதில்லை.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். பெண்கள் நாலரைக்கே வந்துவிடுவார்கள். ஆறு மணி நெருங்கும்போது அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பார்வை வேகம் பார்க்கும் பார்வை அல்ல. அடுப்பில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடும் பார்வை. ஆறேகாலுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆண்கள் ஏழரைவரை அருகம்புல் சாறு குடித்துக்கொண்டு முழங்கால் சவ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். நானும் பேசியிருக்கிறேன். பத்து வருடம் பேசியிருக்கிறேன்.

இனி அலமாரி. எங்கள் வீட்டில் பழைய மாதக் காலண்டரை வீசுவதில்லை. சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்து அதன் மேல் டப்பாக்களை வைப்பது என் மனைவியின் வழக்கம். அன்று பருப்பு டப்பாக்களை இறக்கிவிட்டுத் தாளை உருவினேன். 2011 செப்டம்பர். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். ஓரத்தில் மஞ்சள் தூள் கொட்டிய கறை. ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் அவள் எழுத்து, பொடிப்பொடியாக: பால் 2, கீரை 15, காஸ் வந்தது. அதன் மேலேயே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் என் எழுத்து, கட்டத்தை அடைத்துக்கொண்டு: 8 கி.மீ., 12 கி.மீ., ஓய்வு. அந்த ஆண்டுதான் நான் முதல் மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். வயது 47.

18ஆம் தேதி, ஞாயிறு. சிவப்பில், அடிக்கோடிட்டு: '30 கி.மீ. 3:24'. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதூரிலிருந்து அழகர்கோயில் சாலையில் கிளம்பினேன். கடச்சனேந்தல் தாண்டும்போது இருட்டு, அப்பன்திருப்பதியில் ஒரு டீக்கடையில் மட்டும் வெளிச்சம், பொய்கைக்கரைப்பட்டிப் பக்கம் திரும்பும்போது மலை தெரியத் தொடங்கியது. அதற்கு முன் அவ்வளவு தூரம் ஓடியதே இல்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் தவறாமல் ஒரு வரி வரும்: வீட்டில் யாரையும் எழுப்பக்கூடாது என்று மூன்றரை மணிக்கு விளக்கைப் போடாமல், கூடத்தில் இருட்டில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன் என்று. என் நல்ல குணத்துக்குச் சான்றாக அதைச் சொல்வேன்.

அதே கட்டத்தில் சிவப்புக்குக் கீழே நீல மையில் இருந்தது: '3 மணி 102. மருந்து. 7 மணி 100.'

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். முந்தைய இரவு, குறைந்துவிட்டது, நீங்கள் போங்கள் என்று மனைவி சொன்னதும் நினைவிருக்கிறது. நான் நாடா கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் அவள் ஈரத்துணியோடு விழித்துத்தான் இருந்திருக்கிறாள். விளக்கு ஏன் எரியவில்லை என்று யோசித்தேன். குழந்தையின் கண் கூசும் என்று அணைத்திருப்பாள். அல்லது நான் கிளம்பாமல் இருந்துவிடுவேனோ என்றுகூட இருக்கலாம். என்னை அவ்வளவு நல்லவனாக அவள் நினைத்திருப்பாள் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சாலையில் ஒருவர் ஆண்டுதோறும் மலையிலிருந்து இறங்கி வருகிறார். தங்கை கல்யாணத்துக்கு வருவதாகத்தான் ஊரில் பேச்சு. வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படி, அவர் நின்று போவதற்கான மண்டபங்கள். எல்லாவற்றிலும் நின்று, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் நனைந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு அழகர் வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். சிறுவயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன், தாமதமாகும் என்று தெரிந்தும் ஏன் எல்லா இடத்திலும் நிற்கிறார் என்று. 'கூப்பிடுகிறார்களே, நிற்காமல் எப்படிப் போவது?' என்றாள் பாட்டி. அந்தச் சாலையில் நான் நிற்காமல் ஓடியதுதான் என் பெருமையாக இருந்தது.

ஓடுவதை விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் ஓட்டம் எனக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை நான் மறக்கவில்லை. 43 வயது ஆணுக்கு, யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் எத்தனை பெரிய வரம் என்று தெரியும். அதே ஒரு மணி நேரம் உங்கள் மனைவிக்கு வாரத்தில் எந்தக் கிழமை வருகிறது? எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவரிடம் கேளுங்கள். அவர் 'அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன்.

உங்கள் கேள்வி என்ன? ஒன்பது வாரம் போதுமா. போதாது. அரை மாரத்தானுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கட்டிய பணம் போகட்டும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மெதுவாகத் தொடங்குங்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை உங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூட நடங்கள். அவர் நேற்றைவிட இன்று எத்தனை அடி கூடுதலாக வைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

காலண்டர் தாளை மனைவியிடம் காட்டினேன். 18ஆம் தேதியைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்போல. எனக்குச் சொல்ல வரவில்லை. 'அந்த மாதம் காஸ் இரண்டு தடவை வந்திருக்கிறதே' என்றாள். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி, மஞ்சள் கறையை ஈரத்துணியால் துடைத்து, அதே தட்டில் விரித்து, பருப்பு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.