பனிக்கு முன்னால்: காரவன், சைக்கிள் கேள்வி-பதில்

பிரிட்டனில் அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி காரவன், அதாவது காரின் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி, பற்றியவைதான். கோடையில் பிள்ளைகளோடு வேல்ஸ், கார்ன்வால் என்று சுற்றிய சின்ன வண்டி இப்போது வாசலில் நிற்கிறது. அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

தண்ணீரையெல்லாம் வடித்துவிட வேண்டும் என்கிறார்கள். போன வருடம் வடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவசியமா? (குரோய்டன்)

அவசியம். போன வருடம் தப்பித்தீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தை ஹீட்டரும் பம்பும் பிளாஸ்டிக் இணைப்புகளும் தாங்காது. வெடித்திருப்பது ஏப்ரலில் தண்ணீர் நிரப்பும்போதுதான் தெரியவரும். ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறந்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்தே வையுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் கைப்பிடி நடுவில் நிற்கட்டும். ஷவர் தலையைக் கீழே தொங்கவிடுங்கள், வடிகட்டியைக் கழற்றுங்கள், டாய்லெட் தொட்டியைக் காலி செய்யுங்கள். அரை மணி நேர வேலை.

ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு வரலாமா? (லூட்டன்)

போடாதீர்கள். மாதக்கணக்கில் நின்றால் பிரேக் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

அக்கா, காரவனை மாதக் கட்டணத்துக்கு ஒரு யார்டில் விட்டிருந்தோம். அவர்களே டிராக்டரால் இடம் மாற்றும்போது இடித்து, முன் ஜன்னல் விரிசல் விட்டுவிட்டது. கேட்டால், “வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்” என்ற போர்டைக் காட்டுகிறார். (லெஸ்டர்)

படித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, அந்தப் போர்டின் மேல். இந்த நாட்டில் எத்தனை யார்டுகளில், சலவைக் கடைகளில், கார் நிறுத்துமிடங்களில் இதே வாசகத்தை மாட்டிவைத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்! போர்டில் எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடாது. நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015, 49-ஆம் பிரிவின்படி, காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். அந்தக் கடமையிலிருந்து போர்டு மாட்டியோ, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோ கழன்றுகொள்ள முடியாது என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. இடித்தது புயலோ திருடனோ அல்ல, அவர்களுடைய டிராக்டர்.

விரிசலைப் படம் எடுங்கள். ஜன்னலை மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு, இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. இந்த மாதிரிக் கடிதம் கிடைத்ததும் போர்டை மறந்துவிட்டுப் பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிடாதீர்கள்.

எலக்ட்ரிக் சைக்கிள் இரண்டு, ஒவ்வொன்றும் 25 கிலோ. காரவனின் பின்சுவரில் பொருத்தும் ஸ்டாண்டு ஆன்லைனில் தள்ளுபடியில் வந்தது, வாங்கிவிட்டேன். “எல்லாக் காரவனுக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்தது. துளை போடுவதற்கு முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா? (மில்டன் கீன்ஸ்)

வாங்குவதற்கு முன் கவனித்திருக்க வேண்டும், தம்பி. வாங்கிவிட்டுக் கேட்கும் கடிதம் இந்த மாதத்தில் இது ஐந்தாவது. நல்ல வேளை, இன்னும் துளை போடவில்லை. போடாதீர்கள்.

ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய எவருக்கும் தெரியும்: பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். காரவனும் அப்படித்தான். அச்சு நடுவில் இருக்கிறது. பின்சுவரில் 50 கிலோ சைக்கிளையும் ஸ்டாண்டையும் மாட்டினால் முன்பக்கம் லேசாகி, காரின் கொக்கி மேல் இறங்க வேண்டிய பாரம் குறைந்துவிடும். அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி உங்களைத் தாண்டும்போது காரவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். ஒருமுறை நெளிய ஆரம்பித்தால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடக் கூடியது அது. பல காரவன்களின் பின்சுவர் அந்தப் பாரத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டதும் இல்லை. திருகு இறக்கிய துளை வழியே ஈரம் உள்ளே போனால் சுவருக்குள் இருக்கும் மரம் உளுத்துப்போகும்.

“எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்ற வரியை நம்பி நானும் 140 பவுண்டு இழந்திருக்கிறேன். நான் வாங்கியது முன்பக்கச் சட்டத்தில் பொருத்தும் வகை. பொருந்தியது, ஆனால் அதை மாட்டியபின் கேஸ் சிலிண்டர் பெட்டியின் கதவு திறக்கவில்லை. சைக்கிளை ஏற்றி எடை பார்த்தால், கொக்கி மேல் இறங்கும் பாரம் என் காரின் வரம்பான 75 கிலோவைத் தாண்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கும் நாளும் கடந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தையைப் பார்த்தாலே பக்கத்தை மூடிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதுகிறவர் உங்கள் காரவனைப் பார்த்ததில்லை.

இரண்டு எண்கள் தெரியாமல் எந்த ஸ்டாண்டும் வாங்காதீர்கள். ஒன்று, காரவனில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது. சிறிய வண்டிகள் பலவற்றில் அது 150 கிலோகூட இராது. துணிமணி, பாத்திரம், கூடாரம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இன்னொன்று, கொக்கிப் பாரம். பாரம் ஏற்றிய காரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருந்தால் வண்டி நிலையாக ஓடும்; ஆயிரம் கிலோ என்றால் 50 முதல் 70. காரின் கையேட்டில் உள்ள வரம்பையும் அது தாண்டக் கூடாது.

உங்கள் சைக்கிள்களுக்கு நல்ல இடம் காரவனுக்குள்ளே, அச்சுக்கு நேர் மேலே உள்ள தரை. பேட்டரியைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டு, பழைய கம்பளம் விரித்து, அசையாமல் கட்டிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியதால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லலாம். இன்றே சொல்லுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஒன்பது வருடப் பழசு. ஓட்டலாமா? (ஹாரோ)

மாற்றுங்கள். காரவன் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று சாவதுதான் அதிகம். ஏழு வருடத்துக்கு மேல் எதையும் நம்பக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

காரவன் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினால் மழைக்குப் போதாதா? (ரெடிங்)

நான் போட்டேன். அது காற்றில் அடித்து அடித்து அக்ரிலிக் ஜன்னலையெல்லாம் கீறிவிட்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மெத்தையில் பூஞ்சை பிடித்தது. காற்றுப் புகும் துணி உறை வாங்குங்கள், அல்லது உறையே வேண்டாம். மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலமாரி, பிரிட்ஜ் கதவுகளைத் திறந்து விடுங்கள். காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்கவே கூடாது.

விளம்பரம் பார்த்து 2,800 பவுண்டுக்குப் பழைய காரவன் வாங்கினோம். இப்போது அது திருட்டு வண்டி என்று காவல்துறை எடுத்துப்போய்விட்டது. பணம் திரும்புமா? பாதி ரொக்கம், பாதி வங்கி வழியாகக் கொடுத்தோம். (ஈஸ்ட்ஹாம்)

அம்மா, இது உங்கள் தவறு இல்லை, ஏமாற்றியவன் தவறு. வண்டி திரும்பாது, திருட்டுப் பொருளுக்கு உரிமை உங்களுக்கு மாறவில்லை. ஆனால் வங்கி வழியாகப் போன பாதிக்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தை வங்கிகள் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. காவல்துறை தந்த குறிப்பு எண்ணோடு உடனே வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: 1992 முதல் பிரிட்டனில் தயாரான பெரும்பாலான காரவன்களில் ஜன்னலிலும் அடிச்சட்டத்திலும் 17 இலக்க எண் உண்டு. காரவன்களைப் பதிவுசெய்யும் ‘கிரிஸ்’ (CRiS) பதிவகத்தில் அந்த எண்ணைச் சொல்லிச் சரிபார்க்கலாம். ஜன்னலில் எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டு முன் காரவனை நிறுத்தப் பக்கத்து வீட்டார் ஆட்சேபிக்கிறார். நான் நிறுத்தலாம்தானே? (ஸ்லவ்)

உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். புதிய குடியிருப்புகள் பலவற்றில் காரவன் நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். இல்லை என்றால் நிறுத்தலாம். காப்பீட்டாளரிடம் இடத்தைச் சொல்லி, கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் போடுங்கள். பக்கத்து வீட்டாரின் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறதா என்றும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.