ஆவுளியா கொம்புக்கு வெள்ளிப் பூண் கட்டலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். ராமநாதபுரம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் விரல் நீளக் கொம்பு ஒன்றைக் காட்டினார். ஆவுளியா கொம்பாம், பாட்டன் காலத்துப் பொருளாம். கண்ணேறு படாமலிருக்கப் பேரனுக்குப் பூண் கட்டித் தரச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். புலிநகத்துக்கு என்ன சட்டமோ, அதேதான் இதற்கும். ஆவுளியா என்கிற கடற்பசு, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘கூலிக்குத்தானே செய்தேன்’ என்பது எடுபடாது. பாட்டன் கதையும் அப்படித்தான். பழைய பொருள் வைத்திருந்தவர்கள் கணக்குக் காட்ட 2003-இல் அவகாசம் கொடுத்து முடிந்துவிட்டது.

அவர் காட்டியதோடு சரி என்றால் மறுத்து அனுப்பிவிடுங்கள். கையில் வாங்கி வைத்துவிட்டீர்கள் என்றால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அசலா போலியா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அரம் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கொம்பு என்கிறோமே தவிர, அது மேல்தாடைப் பல். பெரும்பாலும் வளர்ந்த ஆணுக்குத்தான் வெளியே தெரியும். நெடுக்காக அறுத்தால் மரத்தின் வளையம் போல வரி வரியாக இருக்கும், ஆண்டுக்கு ஒன்று. அதை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள். எழுபதைத் தொட்டதும் உண்டு. ஆனால் பெண் ஈனுவது 3 முதல் 7 ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் ஒரே குட்டி. ஒன்று போனால் ஈடுகட்டுவது லேசில்லை.

பாக் நீரிணையில் இன்றைக்கு அதற்குப் பெரிய எமன் வலைதான். மேய்வது கடலடிப் புல், மூச்சுக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். செவுள் வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். இழுவை மடி அந்தப் புல்லையே வாரிவிடும்.

முன்பு அதன் கறியை மருந்தென்று தேடித் தின்ற கரை அது. இப்போது அங்கேயே சில மீனவர்கள் காசு போட்டு வாங்கிய வலையை அறுத்து ஆவுளியாவை விடுகிறார்கள். வனத்துறை சன்மானமும் கொடுக்கிறது. 2022-இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. நடுக்கடலில் யார் போய்க் காவல் நிற்பது?

அந்தத் தாத்தாவிடம் சட்டம் மட்டும் பேசி அனுப்பாதீர்கள். கண்ணேறுக்கு நம்மிடமே ஐம்படைத் தாலி இருக்கிறதே. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் சிறிதாக வார்த்து, குழந்தை கழுத்தில் உரசாதபடி விளிம்பை மழுக்கிக் கொடுங்கள்.