உருளை ஓட்டின் அதிர்வைக் கணிக்க டொனல் சமன்பாடு போதுமா, ஃபுளூகே வரை போக வேண்டுமா?

உருளை ஓடு என்றால் மெல்லிய சுவருள்ள குழாய். அதன் அதிர்வுக்கு டொனலுடையது எளிமையாக்கிய சமன்பாடு, ஃபுளூகேயுடையது கூடிய நுணுக்கமானது. டொனல் போதும் என்று நம்பி அடி வாங்கியவன் எழுதுகிறேன்.

உங்களுக்கு இது இறுதியாண்டு புரொஜெக்ட்டாக இருக்கும். கையில் இரண்டு கிழமை, ஃபுளூகேயின் சமன்பாடுகளைக் கண்டதும் தலை சுற்றியிருக்கும். டொனல் லேசு. அந்த லேசில்தான் நானும் விழுந்தேன்.

கொழும்பில் ஒரு கட்டடத்தின் ஜெனரேட்டர் புகைக்குழாய். 3 மில்லிமீட்டர் தகடு, விட்டம் 32 சென்டிமீட்டர், நேராக 6 மீட்டர். ஆறு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 1500 சுற்று, சுற்றுக்கு மூன்று எரிப்பு, ஆகவே உதைப்பு 75 ஹேர்ட்ஸில். வட்டம் முட்டையாக நசிந்து நசிந்து மீளும் அதிர்வுக்கு, அதாவது சுற்றளவில் இரண்டு அலைக்கு, டொனலில் போட்டேன். 115 வந்தது. 75 எங்கே, 115 எங்கே! கையெழுத்து வைத்துவிட்டேன்.

ஓட்டிப் பார்த்த அன்று முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. சூடேறியதும் குழாய் உறுமத் தொடங்கியது. கிளாம்ப் நட்டுகள் தாமாகவே கழன்று வந்தன. "சேர், குழாய் மூச்சு விடுது" என்றார் ஃபோர்மன். இரவு ஃபுளூகேயில் போட்டால் 77. இரும்பு சூடானால் விறைப்புக் குறையும். 77 இறங்கி 75 இல் வந்து குந்திவிட்டது. பரிவு: எஞ்சினின் உதைப்பும் குழாயின் சொந்த அதிர்வும் ஒரே தாளத்தில்.

டொனல் 1933 இல் இதை எழுதியது முறுக்கப்படும் மெல்லிய குழாய் நெளிவதற்காக. சுற்றளவில் அலைகள் நெருக்கமென்றால் ஒவ்வொரு துண்டையும் ஏறத்தாழத் தட்டையாக எடுக்கலாம். இரண்டே அலைக்கு அது சரிவராது. தொடுகோட்டுச் சடத்துவத்தையும் (சுவர் சுற்றளவு வழியே அசைவதன் சடத்துவம்) விட்டால், நீண்ட குழாயில் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) இரண்டு அலைக்குச் சுமார் 49 வீதம் கூடிக் காட்டும், மூன்றுக்கு 19, நான்குக்கு 10. குட்டையான மெல்லிய ஓடென்றால் ஆகக் குறைந்த மீடிறனே அலை கூடிய வடிவத்தில் வரலாம் (ஆர்னால்டும் வார்பர்ட்டனும் 1949 இல் காட்டியது). அங்கே டொனல் தாராளமாகப் போதும். வட்டம் முழுதும் ஒன்றாக விரிந்து சுருங்கும் வளைய மீடிறனுக்கு மேலேயும், என் குழாய்க்கு அது 5,400 ஹேர்ட்ஸ் பக்கம், அலை தட்டைத் தகட்டில் போவதுபோலத்தான் போகும்.

"முடிவுறு மூலக முறையில் செய்திருக்கலாமே" (குழாயைச் சிறு துண்டுகளாக்கிக் கணினியில் கணிப்பது) என்று எழுத வருகிறவர்களே, நான் அப்போது வேலை செய்த கம்பனி மென்பொருளுக்குக் காசு தரவில்லை. டொனலையும் நான் குறை சொல்லவில்லை, பிழை என்னுடையது. 2 மீட்டருக்கு ஒரு வளையம் ஒட்டியதும் உறுமல் நின்றது. செலவை என் சம்பளத்தில் வெட்டினார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் ஓட்டின் நீளம், விட்டம், தடிப்பைப் போடுங்கள், பார்க்கலாம்.