கறுப்புத் திரையும் ஓர் உயிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃபின் ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலை ஒரு மாதம் படித்து முடித்தேன். கோட்டை அறையிலுள்ள கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்த கதாநாயகி எமிலி மயங்கி விழுகிறாள். பல நூறு பக்கங்கள் கழித்து, அது மெழுகுப் பொம்மை என்கிறார்கள். ஏமாந்துபோனேன். இத்தகைய கதைகளை இத்தனை காலமாக ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனக்குறை பழையது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டும் ராட்கிளிஃபின் விளக்கங்களைப் பற்றி இதையேதான் சொன்னார். ஆயினும் பொம்மையைப் பற்றிய அந்தப் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். திருச்சபையைப் பகைத்துக்கொண்ட முன்னோர் ஒருவர், புழு அரிக்கும் பிணத்தின் அந்த மெழுகு உருவை நாள்தோறும் குறித்த நேரம் பார்த்திருக்க வேண்டுமென்று தண்டிக்கப்பட்டார். அவரோ, தம் சந்ததியாரும் அதைப் பாதுகாக்க வேண்டும், தவறினால் நிலத்தில் ஒரு பகுதி திருச்சபைக்குப் போய்விடும் என்று உயில் எழுதிவைத்துவிட்டார். பேய் இல்லையென்று ஆனபின்னும் அந்த உயில் இருக்கிறது.

இவ்வகை நாவல்களில் என்னைப் பிடித்து இழுப்பது அந்தக் காகிதம்தான். எமிலியின் அத்தையை மணந்த மொண்டோனிக்கு வேண்டியது அந்த அத்தையின் பிரான்சு நிலங்கள். எழுதிக்கொடுக்க மறுத்தவள் கோபுரத்தில் அடைக்கப்படுகிறாள், நோயுற்று இறக்கிறாள். அடுத்து எமிலியிடம் கையொப்பம் கேட்கப்படுகிறது. கதை நடப்பது 1584இல், மொண்டோனியின் கோட்டை இருப்பது இத்தாலியில். (ராட்கிளிஃப் இத்தாலிக்குப் போனதே இல்லை.) ஆனால் 1794இல் அதை வாங்கிப் படித்த இங்கிலாந்துப் பெண்களுக்கு மொண்டோனி அந்நியனாகத் தோன்றியிருக்க மாட்டான். மணமானதும் மனைவியின் பணமும் பொருளும் கணவனுக்குப் போய்விடும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். அது பெருமளவு மாற 1882 வரை ஆயிற்று. சொந்த வீட்டைப் பற்றி நேராகச் சொல்லத் தயங்கியதை, இருநூறு ஆண்டுக்கு முந்தைய அயல்நாட்டுக் கோட்டையில் வைத்துச் சொல்ல முடிந்தது.

1860இல் நூலாக வந்த வில்கி காலின்ஸின் ‘வெள்ளையுடைப் பெண்’ நாவலில் அந்தக் கோட்டைகூடத் தேவைப்படவில்லை. கணவன் ஒரு பத்திரத்தை மடித்து, கையொப்பமிடும் இடம் மட்டும் தெரியும்படி வைத்து, படிக்காமலே போடு என்கிறான். எந்த எலும்புக்கூடும் என்னை அவ்வளவு அச்சுறுத்தியதில்லை.

மெழுகுப் பொம்மையைப் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. அந்த விளக்கத்தை, நாம் திரையையே மறந்துபோன பிறகு, கணக்கு முடிப்பதுபோல் அவசரமாகச் சொல்லிவிட்டு ராட்கிளிஃப் நகர்ந்துவிடுகிறார். உயில் இன்னும் இரண்டு பக்கத்துக்குத் தாங்கியிருக்கும்.