தம்பியின் மந்தம் சோம்பல் அல்ல

தண்டையார்பேட்டைச் சகோதரிக்கு வணக்கம். மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரை தொடங்கியபின் தம்பிக்கு, யாரும் பேசாமலே குரல்கள் கேட்பது நின்றும், குளிக்காமல், வேலைக்குப் போகாமல் படுத்தே இருப்பதால் அப்பா திட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அது சோம்பல் அல்ல. ஊக்கமும் உணர்ச்சி வெளிப்பாடும் வற்றிப்போவது மனச்சிதைவு நோயின் மற்றொரு முகம், மாத்திரைகள் குரல்களை அடக்கும் அளவுக்கு இதைத் தணிப்பதில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதேயில்லை. வீட்டில் ஓயாத ஏச்சு இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்பதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மாத்திரையும் மந்தத்தைத் தரலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாமல், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ அளவைப் பற்றிக் கேளுங்கள். இப்போதைக்கு, காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், பை தூக்கினாலே போதும். இரவில் பதற்றம் மிகுந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.